கோயில் மணிக்கு எவ்வளவு டூட்டி? இறக்குமதி வரி கணக்கு தெரிஞ்சவங்க கொஞ்சம் வாங்க

பெர்ஜுந்தை_பொருளாளர் | திங்கள் இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவுல பத்தாங் பெர்ஜுந்தை, இப்ப போர்டுல பெஸ்தாரி ஜெயான்னு இருக்கும் ஆனா எங்க வாயில இன்னும் பெர்ஜுந்தைதான். எங்க தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு போன வருசத்துலேர்ந்து நான்தான் பொருளாளர். லயத்து வீட்ட எல்லாம் இடிச்சாச்சு, ஆளுங்க தாமான் (குடியிருப்பு) பக்கம் போயிட்டாங்க, கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவுல அப்படியே நிக்குது. தை மாசம் கும்பாபிஷேகம். பழைய மணியில விரிசல் விழுந்து சத்தமே செத்துப் போச்சு, அதனால கும்பகோணம் பக்கம் ஒரு பட்டறையில புது மணி ஒன்னு, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு ஒரு ஜோடி, கொஞ்சம் பித்தளைத் தட்டு சொம்பு எல்லாம் ஆர்டர் பண்ணோம். மரப்பெட்டி பேக்கிங்கோட சேத்து பில்லு 2,50,000 ரூபா.

இப்ப சரக்கு சென்னையில கப்பல் ஏறிருச்சு, வர்ற வாரம் கிள்ளான் போர்ட்டுக்கு வருது. ஏஜெண்டு ஒரு தாள் அனுப்பியிருக்காரு. அதுல ஒரே வரி. டூட்டி, டேக்ஸ் 4,896 வெள்ளி (ரிங்கிட்). அவ்வளவுதான். எப்படி வந்துச்சுன்னு கேட்டா "கஸ்தம் (சுங்க இலாகா) கணக்கு அப்படித்தான் வரும்"னு சொல்றாரு. இந்தப் பணம் பத்து வெள்ளி இருபது வெள்ளின்னு ரிசிட் கிழிச்சு சேத்தது. பால்மரம் வெட்டின காலத்துலேர்ந்து இருக்கற பாட்டிங்க பென்சன் காசுல குடுத்தது. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல எந்திரிச்சு நின்னு "அப்படித்தான் வரும்"னு என்னால சொல்ல முடியாது. தெரிஞ்சவங்க விளக்கமா சொல்லுங்க.


கூலிம்_பையன் | திங்கள் இரவு 10.05

பத்து பர்சன்ட் தானேண்ணே? நான் ஆன்லைன்ல வாங்கற சாமானுக்கு எல்லாம் பத்துதான் புடிக்கறான். 2,50,000 ரூபாய்க்கு பத்துன்னா ஆயிரத்து சொச்சம் வெள்ளிதான் வரணும், அவரு நாலு மடங்கு போட்டிருக்காரு. ஏஜெண்ட மாத்துங்க.


போர்ட்டுக்காரன் | திங்கள் இரவு 11.20

தம்பி, நீ சொல்ற பத்து வேற வரி. அத கடைசியில சொல்றேன். பொருளாளர் ஐயா, நான் கிள்ளான்ல இருபது வருசத்துக்கு மேல இந்த வேலையில இருக்கேன், ஏஜெண்டு சொல்லலன்னா நான் சொல்றேன். ஆனா நீங்க மூனு தகவல் குடுக்கணும். கப்பல் கூலி எவ்வளவு, இன்சூரன்ஸ் எவ்வளவு, அந்தத் தாள்ல வேற ஏதாவது தொகை இருக்கா. எச்எஸ் கோடு (சாமான் வகைக்கு உள்ள நம்பர்) ஏதாவது போட்டிருந்தா அதையும் போடுங்க.


பெர்ஜுந்தை_பொருளாளர் | செவ்வாய் காலை 7.15

நன்றிண்ணே. கப்பல் கூலி 900 வெள்ளி, இன்சூரன்ஸ் 100. ரூபாய வெள்ளியாக்க 20க்கு 1ன்னு போட்டிருக்காரு, அதனால சாமான் பெட்டியோட 12,500 வெள்ளி. போர்ட்லேர்ந்து தோட்டத்துக்கு லோரி கூலி 1,800. கீழ "மதிப்பு 15,300"ன்னு ஒரு நம்பர் இருக்கு. கோடு ஒன்னே ஒன்னுதான் இருக்கு, மணி விளக்கு தட்டு எல்லாத்துக்கும் சேத்து.


போர்ட்டுக்காரன் | செவ்வாய் மதியம் 1.30

அப்ப ரெண்டு தப்பு இப்பவே கண்ணுக்குத் தெரியுது. பொறுமையா எழுதறேன், கொஞ்சம் நீளம், படிச்சுக்குங்க.

நம்ம நாட்டுல சதவீதக் கணக்குல டூட்டி போடற சாமானுக்கு அடிப்படை சிஐஎஃப் மதிப்பு. சாமான் விலை, இன்சூரன்ஸ், நம்ம துறைமுகம் வரைக்கும் கப்பல் கூலி, இந்த மூனையும் கூட்டினது. 12,500, 100, 900, மொத்தம் 13,500. பேக்கிங் செலவும் மதிப்புல சேரும், அது உங்க பில்லுக்குள்ளயே இருக்கறதால பிரச்சினை இல்ல.

உங்க ஏஜெண்டு 15,300 எடுத்திருக்காரு. அந்த 1,800 எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாருங்க, கிள்ளான்ல எறக்கினதுக்கப்புறம் ஆகற செலவு. சரக்கு நாட்டுக்குள்ள வந்த பிறகு ஆகற போக்குவரத்து செலவ தனியா பிரிச்சுக் காட்டினா அது மதிப்புல சேராது. 1999-ல வந்த கஸ்தம் மதிப்பீட்டு விதிமுறை அப்படித்தான் சொல்லுது, உலக வர்த்தக அமைப்பு ஒப்பந்தத்த ஒட்டி போட்டது அது. உங்க செம்பனைக் காட்டு மண்ரோட்டுல லோரி ஓடற காசுக்கு நீங்க டூட்டி கட்ட வேண்டியதில்ல.

இப்ப 4,896 எப்படி வந்துச்சுன்னு பின்னாடிலேர்ந்து பிரிச்சுப் பாக்கலாம். 4,896ஐ 15,300ஆல வகுத்தா 0.32. முப்பத்திரெண்டு சதவீதம். அப்படி ஒரு ரேட்டே கிடையாது. 20 சதவீத டூட்டியும் 10 சதவீத விற்பனை வரியும் சேந்தா 30 தானே வரணும், ஏன் 32? அங்கதான் எல்லாரும் தடுமாறுறாங்க. விற்பனை வரிய சாமான் விலை மேல மட்டும் போடறதில்ல. சிஐஎஃப் மதிப்போட டூட்டியையும் கூட்டி அந்த மொத்தத்து மேல போடுவாங்க. 15,300க்கு 20 சதவீதம் 3,060. கூட்டினா 18,360. அதுல பத்து சதவீதம் 1,836. ரெண்டையும் கூட்டுங்க, 4,896 சரியா வரும். வரிக்கு மேல வரின்னு சனங்க கோவப்படறது இதத்தான், ஆனா சட்டம் அப்படித்தான் இருக்கு. கார், சாராயம், சிகரெட் மாதிரி சாமானுக்கு நடுவுல எக்சைஸ் டூட்டின்னு இன்னொரு அடுக்கும் வரும், அதையும் கூட்டித்தான் விற்பனை வரி.

13,500க்கே கணக்கு போட்டா 2,700 டூட்டி, 16,200 மேல பத்து சதவீதம் 1,620, மொத்தம் 4,320. லோரிக் காச சேத்ததால மட்டும் 576 வெள்ளி கூட. அதுக்கு எத்தனை பத்து வெள்ளி ரிசிட்டுன்னு நீங்களே எண்ணிப் பாருங்க.

இன்னும் ஒன்னு, நாணய மாற்று. பேங்க் ரேட், வாட்சாப்ல வர்ற ரேட் எல்லாம் செல்லாது. கஸ்தம் தனியா ஒரு ரேட் பட்டியல் வெளியிடும், அத வச்சுத்தான் வெள்ளியாக்கணும். 20க்கு 1ன்னு முழுசா இருக்கறத பாத்தா ஏஜெண்டு உத்தேசமா போட்டிருக்காருன்னு தோணுது. கே1 போரம் (கஸ்தம்ல குடுக்கற இறக்குமதி அறிவிப்பு) போடறப்ப சரியான ரேட்ட போடச் சொல்லுங்க.

ரெண்டாவது தப்பு கோடு. அது இதவிட பெரிய விசயம், ராத்திரி வந்து எழுதறேன்.


நாலாங்கட்டை | செவ்வாய் மாலை 6.10

இவ்வளவு கஷ்டம் எதுக்கு. பட்டறைக்காரர்கிட்ட சொல்லி பில்லுல பாதி விலை போடச் சொன்னா முடிஞ்சுது. எங்க பக்கத்துல ஒருத்தரு அப்படித்தான் சாமான் எறக்குறாரு.


போர்ட்டுக்காரன் | செவ்வாய் மாலை 6.45

அய்யா தயவு செஞ்சு இத யாருக்கும் சொல்லாதீங்க. கஸ்தம் சட்டம் 1967, 133-வது பிரிவு, பொய்யான விவரம் குடுத்தா அபராதம், சிறை ரெண்டும் உண்டு. மாட்டுறது ஏஜெண்டு மட்டும் இல்ல, பேர் போட்டு சாமான் எறக்குற ஆளும்தான். இங்க பேரு கோயிலோடது. கஸ்தம் ஆளுங்ககிட்ட அதே மாதிரி சாமான் என்ன விலைக்கு வந்துச்சுன்னு பழைய பதிவு இருக்கு. மணியோட எடை பில் ஆப் லேடிங்ல (கப்பல் சரக்குச் சீட்டுல) இருக்கு. இத்தனை கிலோ வெண்கலம் இந்த விலைக்குக் கெடைக்குமான்னு ஒரு ஆபிசர் மனசுல கணக்கு போட்டா போதும். விலைய அவங்க நம்பலன்னா பில்ல ஒதுக்கி வச்சுட்டு வேற வழியில மதிப்பு போடுவாங்க. மொதல்ல அதே சாமான் வேற யாருக்கு என்ன விலைக்கு வந்துச்சுன்னு பாப்பாங்க, அப்புறம் அது மாதிரி சாமான், அப்புறம் உள்ளூர்ல விக்கற விலையிலேர்ந்து கழிச்சு, அப்புறம் செய்யற செலவ கூட்டி, எதுவுமே ஒத்து வரலன்னா கடைசியா கெடைக்கற தகவல வச்சு.


செம்பனைத்_தாத்தா | செவ்வாய் இரவு 8.00

நான் தோட்டத்து ஆபிசுல கிராணியா (குமாஸ்தாவா) இருந்தவன். டூட்டின்னா உள்ள வர்றதுக்கு மட்டும்தான்னு நெனைக்காதீங்க, நம்ம தலைக்கு மேல தொங்கற குலைக்கும் கணக்கு உண்டு. கச்சா செம்பனை எண்ணெய் வெளிநாடு போகறப்ப எக்ஸ்போர்ட் டூட்டி. அதுக்கு மாசாமாசம் ஒரு குறிப்பு விலைய அறிவிப்பாங்க, அந்த விலை எந்தப் படியில இருக்கோ அதுக்குத் தக்கபடி சதவீதம் மாறும். டன்னுக்கு 2,250 வெள்ளிக்குக் கீழ இருந்தா டூட்டியே இல்ல, அதுக்கு மேல 3 சதவீதத்துல ஆரம்பிச்சு ஏறும், 2024 நவம்பர்லேர்ந்து உச்சி 10 சதவீதம். விலை நல்லா இருக்கற மாசத்துல டூட்டியும் ஏறும். பேசற விசயத்த விட்டு வெளிய போயிட்டேன், மன்னிச்சுக்குங்க. மணி விசயத்த பாருங்க, அந்தப் பழைய மணிய எங்கப்பா தூக்கி மாட்டினது எனக்கு ஞாபகம் இருக்கு.


போர்ட்டுக்காரன் | செவ்வாய் இரவு 10.50

தாத்தா, நல்லா சொன்னீங்க.

கோடு விசயத்துக்கு வர்றேன். உலகத்துல விக்கற எல்லா சாமானுக்கும் எச்எஸ்னு ஒரு நம்பர் உண்டு. மொத 6 எண் உலகம் முழுக்க ஒன்னுதான், உலக சுங்க அமைப்பு பாத்துக்கறது. அதுக்கப்புறம் ஆசியான் 8 எண், நம்ம பட்டியல்ல 10 எண். இந்த நம்பர்தான் ரேட்ட முடிவு பண்ணும். சாமானோட பேரு இல்ல, விலை இல்ல, நம்பர். நம்பர் தப்பானா மத்த கணக்கு எவ்வளவு சரியா இருந்தாலும் வீண்.

உங்க பெட்டிக்குள்ள இருக்கறத ஒவ்வொன்னா எடுத்துப் பாப்போம். மணி. மின்சாரம் இல்லாத மணி, சேகண்டி எல்லாம் 8306-ல வரும். தட்டு, சொம்பு பித்தளை. பித்தளையில செம்புதான் அதிகம், அதனால செம்பு சாமானாத்தான் பாப்பாங்க, வீட்டுல பொழங்கற செம்பு பாத்திரம் 7418. குத்துவிளக்கு? இங்கதான் முக்கால்வாசி ஏஜெண்டு தப்பு பண்றாங்க. பித்தளை தானேன்னு 7418-ல தள்ளிடுவாங்க, இல்லன்னா அழகுச் சாமான்னு 8306-ல போட்டுடுவாங்க. ஆனா உலோகச் சாமான் பிரிவோட குறிப்புலயே 94-ஆம் அத்தியாயத்து விளக்கு வகையெல்லாம் இங்க சேராதுன்னு எழுதியிருக்கு. எண்ணெய் ஊத்தி திரி போட்டு ஏத்தற விளக்கு விளக்குதான். 9405-ல மின்சாரம் இல்லாத விளக்குக்குன்னே தனி உட்பிரிவு இருக்கு. நானா இருந்தா அங்க போடச் சொல்லித்தான் வாதாடுவேன்.

ஆக மூனு சாமானுக்கு மூனு நம்பர், மூனு ரேட். விற்பனை வரியும் அப்படித்தான், சிலதுக்கு 5, சிலதுக்கு 10, சிலதுக்கு விலக்கு. கப்பல் கூலிய சாமான் விலை விகிதத்துல பிரிச்சு ஒவ்வொரு வரிசையிலயும் சேக்கணும். ரேட்ட நான் இங்க எழுதல, உத்தரவு அப்பப்ப மாறும், பழைய நம்பர புடிச்சுட்டு யாரும் சண்டைக்குப் போக வேணாம். கஸ்தம் தளத்துல நம்பர தட்டினா அன்னைக்கு உள்ள ரேட் வரும். நம்பர்லயே சந்தேகம்னா சாமான் வர்றதுக்கு முன்னாடியே கஸ்தம்கிட்ட எழுதிக் கேக்கலாம், அவங்க முடிவு எழுத்துல வரும்.


பெர்ஜுந்தை_பொருளாளர் | புதன் காலை 6.50

அண்ணே இத படிச்சுட்டு ராத்திரி தூக்கம் வரல. உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லியாகணும். மணியில அம்மன் பேரும் தோட்டத்துப் பேரும் பதிச்சு, சுத்தி வேப்பிலைக் கொடி வர்ற மாதிரி மெழுகு மாதிரி செய்ய ஒரு ஸ்தபதிய தனியா வச்சோம். அவருக்கு 10,000 ரூபா, எங்க தலைவர் ஊருக்குப் போனப்ப கையில குடுத்துட்டு வந்தாரு. அது பில்லுல இல்ல. அது கணக்குல வருமா? அப்புறம் ரெண்டாவது கேள்வி, சென்னையில இருக்கற ஒரு பக்தர் அஞ்சு சொம்ப இனாமா குடுத்து அதே பெட்டியில வச்சிருக்காரு. அதுக்கு விலையே இல்லையே.


போர்ட்டுக்காரன் | புதன் மதியம் 12.40

மனசுல பட்டத கேட்டீங்க பாருங்க, அதுக்கே உங்களுக்கு ஒரு கும்பிடு.

ஸ்தபதி கூலி கட்டாயம் சேரும். பட்டறைக்காரருக்குக் குடுத்தீங்களா வேற ஆளுக்குக் குடுத்தீங்களான்னு பாக்க மாட்டாங்க. அந்தச் சாமான செய்யறதுக்காக வாங்கறவர் தன் செலவுல அச்சு, மாதிரி, உருவம் செஞ்சு குடுத்தா அந்தச் செலவு மதிப்புல சேரணும்னு விதிமுறையே இருக்கு. மெழுகு மாதிரி அதுக்குள்ள அப்படியே வந்துருது. 10,000 ரூபா, 500 வெள்ளி. அப்ப உங்க சரியான சிஐஎஃப் 14,000. அதே 20, 10ன்னு வச்சு பாத்தா 2,800 டூட்டி, 16,800 மேல 1,680, மொத்தம் 4,480. லோரிய எடுத்ததால எறங்கினது இதுல கொஞ்சம் ஏறும். ஆனாலும் ஏஜெண்டு சொன்னதுக்கு 416 வெள்ளி கம்மிதான், அதோட உங்க போரத்துல ஒரு பொய் இருக்காது.

இனாம் சொம்பு. இனாம்னா விலை இல்ல, ஆனா மதிப்பு இல்லாம போகாது. விக்காத சாமானுக்கு விலை வச்சுக் கணக்கு போட முடியாது, அதனால நான் மேல சொன்ன அடுத்த வழிக்குப் போவாங்க, அதே மாதிரி சொம்பு என்ன விலைன்னு. நீங்களே அதே பட்டறையில காசு குடுத்து சொம்பு வாங்கியிருக்கீங்க, அந்த விலைய ஆதாரமா காட்டுங்க. பட்டியல்ல எழுதாம விட்டுடாதீங்க, பெட்டிய தொறந்து எண்ணினா அஞ்சு கூட இருக்கும், அப்புறம் எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க.


பட்டுக்கடை_அக்கா | புதன் இரவு 9.15

நானும் கேக்கறேன் தம்பி. கோலசிலாங்கூர்ல சின்னதா சேலைக்கடை வச்சிருக்கேன். தீவாளிக்கு ஊர்லேர்ந்து பட்டு எறக்குவேன். சேலையும் தைச்ச ஜாக்கெட்டும் ஒரே பார்சல்ல வந்தா ஒரே கோடா? அப்புறம் 500 வெள்ளிக்குள்ள வர்ற பார்சலுக்கு டேக்ஸ் கணக்கு என்னன்னே எனக்குப் புரியல, ஒருத்தர் டேக்ஸ் இல்லங்கறாரு ஒருத்தர் இருக்குங்கறாரு.


போர்ட்டுக்காரன் | புதன் இரவு 11.00

அக்கா, சேலை தைக்காத துணி. அதனால துணி அத்தியாயத்துல போகும், பட்டுன்னா 5007. தைச்ச ஜாக்கெட், சுடிதார் எல்லாம் உடுப்பு, 62-ஆம் அத்தியாயம். ஒரே பார்சல்ல வந்தாலும் வேற வேற வரிசை. இன்னொன்னு கவனிச்சுக்குங்க, 2025 ஜூலை 1-லேர்ந்து விற்பனை வரி பட்டியல விரிச்சாங்க இல்லையா, அதுல பட்டுத்துணி 5 சதவீதத்துக்குள்ள வந்துச்சு. கடை விலை போடறப்ப அத மறந்துடாதீங்க.

500 வெள்ளி விசயம், இது கூலிம் தம்பிக்கும் சேத்து. ரெண்டு பேரும் சொன்னது பாதி பாதி சரி. விமானத்துல கூரியராவோ தபாலாவோ வர்ற சாமான் சிஐஎஃப் 500 வெள்ளிக்குள்ள இருந்தா எறக்கறப்ப டூட்டியும் இல்ல விற்பனை வரியும் இல்ல, சிகரெட்டு சாராயம் தவிர. அது பழைய சலுகை. 2024 ஜனவரி 1-லேர்ந்து 500 வெள்ளியும் அதுக்குக் கீழயும் உள்ள ஆன்லைன் சாமானுக்கு 10 சதவீதம் விற்பனை வரின்னு வந்துச்சு, அத கஸ்தம் வாசல்ல வாங்கறதில்ல, பதிவு பண்ண வியாபாரி விக்கறப்பவே வாங்கி கட்டிடுவாரு. சாமான் விலை மேல மட்டும், அனுப்பற கூலி மேல இல்ல. 180 வெள்ளி சாமான்னா 18. தம்பி பாக்கற பத்து அதுதான். பொருளாளர் ஐயாவோட மணி கப்பல்ல வருது, 500ஐ தாண்டினது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

கடைக்கு வர்ற சரக்க சின்னச் சின்னதா பிரிச்சு அனுப்பச் சொல்ற பழக்கம் நெறைய இருக்கு, அக்கா நீங்க அத செய்ய மாட்டீங்கன்னு தெரியும், இருந்தாலும் சொல்றேன் வேணாம். ஒரே நாள்ல ஒரே பேருக்கு பத்து பார்சல் வந்தா அவங்க சேத்துத்தான் பாப்பாங்க.


கூலிம்_பையன் | வியாழன் காலை 8.20

புரிஞ்சுதுண்ணே, நான் அவசரப்பட்டு சொல்லிட்டேன். கோயில் சாமானுக்கு விலக்கு கிடையாதா? சாமி காரியம்தானே.


போர்ட்டுக்காரன் | வியாழன் மதியம் 2.00

தானா கெடைக்காது தம்பி. கஸ்தம் சட்டம் 14-வது பிரிவுல நிதியமைச்சர் ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு முழுசாவோ கொஞ்சமோ விலக்கு குடுக்கலாம்னு அதிகாரம் இருக்கு. அதுக்கு நிதியமைச்சுக்கு எழுதணும், கோயில் பதிவுப் பத்திரம், பில், என்ன தேவைக்கு எல்லாம் வச்சு. சாமான் துறைமுகத்துல நிக்கறப்ப ஓடினா பதில் வர்றதுக்குள்ள கிட்டங்கி வாடகை ஏறிடும். மூனு நாலு மாசத்துக்கு முன்னாடி யோசிக்க வேண்டியது.

ஆனா ஐயா, இன்னொரு வழி இருக்கு, அத உங்க ஏஜெண்டு மொத நாளே கேட்டிருக்கணும். இந்தியாவுல செஞ்ச சாமானுக்கு ஆசியான் இந்தியா ஒப்பந்தத்துல டூட்டி குறையும் இல்லன்னா இல்லாமயே போகும், நம்பருக்கு நம்பர் வேற. 2010-லேர்ந்து நடப்புல இருக்கு. அதுக்கு ஃபாரம் ஏஐன்னு ஒரு பிறப்பிடச் சான்று வேணும். நமக்கும் இந்தியாவுக்கும் மட்டும் தனியா ஒரு ஒப்பந்தம் 2011 ஜூலையிலேர்ந்து இருக்கு, ரெண்டுல எது கம்மியோ அத எடுத்துக்கலாம். சான்ற வாங்க வேண்டியது அங்க ஏத்துமதி பண்றவரு. எக்ஸ்போர்ட் இன்ஸ்பெக்சன் கவுன்சில் மாதிரி அங்க அதிகாரம் உள்ள அமைப்பு குடுக்கும். அங்கயே செஞ்சதுதான்னு காட்டணும், மதிப்புல குறைஞ்சது 35 சதவீதம் அந்த வட்டாரத்துல சேந்ததா இருக்கணும், சாமானோட கோடும் மூலப்பொருள் கோட்டுலேர்ந்து மாறியிருக்கணும். உலோகத்த உருக்கி வார்த்து மணி செஞ்சா அது பெரும்பாலும் தடங்கல் இல்லாம தேறும்.

கப்பல் ஏறிருச்சேன்னு கவலைப்படாதீங்க. சாதாரணமா ஏத்தறப்பவே இல்லன்னா மூனு வேலை நாளுக்குள்ள குடுக்கணும், தவறிப் போனா பிந்தி வழங்கினதுன்னு முத்திரை குத்தி ஏத்தின தேதியிலேர்ந்து ஒரு வருசத்துக்குள்ள வாங்கலாம். ஆனா சான்று கையில இருக்கறப்ப கே1 போடறதுதான் சுத்தமான வழி. முழு டூட்டியும் கட்டிட்டு அப்புறம் திருப்பிக் கேக்கறது அலைச்சல். இன்னைக்கே பட்டறைக்கு போன் அடிங்க. சான்றுல போடற மொத 6 எண்ணும் நம்ம கே1-ல போடற எண்ணும் ஒன்னா இருக்கணும்னு அழுத்திச் சொல்லுங்க. அவர் விளக்க 7418ன்னு போட்டு நீங்க 9405ன்னு போட்டா சான்ற தள்ளி வச்சிடுவாங்க.

விற்பனை வரி இந்தச் சான்றால குறையாது. அத கட்டித்தான் ஆகணும்.


பெர்ஜுந்தை_பொருளாளர் | வியாழன் இரவு 10.30

போன் போட்டேன். பட்டறைக்காரர் தங்கமான மனுசன், "எங்களுக்கு சிங்கப்பூர்க்காரங்க எல்லாம் கேப்பாங்க ஐயா, நீங்க கேக்கலையேன்னு நெனச்சேன்"னாரு. ஏத்துமதி ஏஜெண்டு சென்னையில விண்ணப்பம் போட்டுட்டாராம். ஸ்தபதி கூலிக்கு ரசீது எழுதி ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லிட்டேன். தலைவருக்கு மொதல்ல கொஞ்சம் கோவம், "நாமளே போயி மாட்டிக்கணுமா"ன்னாரு. நான் உங்க பதிவ அப்படியே படிச்சுக் காட்டினேன். கம்முனு கேட்டுட்டு சரி எழுதிடுன்னுட்டாரு.

மரப்பெட்டி பத்தி ஏதாவது இருக்காண்ணே? போட்டோவுல வெறும் பலகையா தெரியுது.


போர்ட்டுக்காரன் | வெள்ளி காலை 7.40

கேட்டது நல்லதா போச்சு. மரப்பெட்டிக்கு ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்கணும், கோதுமைக் கதிர் மாதிரி ஒரு சின்னமும் நாட்டு எழுத்தும் இருக்கும், பெட்டியோட பக்கவாட்டுல சூடு போட்டோ மை குத்தியோ இருக்கும். பூச்சி இல்லாம மரத்த சூடு பண்ணியோ மருந்துப் புகை போட்டோ பதப்படுத்தினதுக்கு அடையாளம். டூட்டிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, ஆனா முத்திரை இல்லன்னா எல்லையில பூச்சி, நோய் சோதனை பண்ற ஆளுங்க நிறுத்திடுவாங்க, அப்புறம் புகை போடற செலவு நம்ம தலையில. போட்டோ இன்னொன்னு எடுத்து அனுப்பச் சொல்லுங்க, பக்கவாட்டுல.


பெர்ஜுந்தை_பொருளாளர் | வெள்ளி மாலை 5.05

இருக்குண்ணே. கதிர் சின்னம், கீழ ஐஎன்னு எழுத்து. மனசு இப்பதான் லேசாச்சு.


பட்டுக்கடை_அக்கா | வெள்ளி இரவு 9.30

நானும் எங்க காஞ்சிபுரத்து வியாபாரிகிட்ட ஃபாரம் ஏஐ கேட்டேன். இத்தனை வருசமா கேக்காம விட்டதுக்கு எவ்வளவு கட்டியிருப்பேன்னு நெனச்சா வயிறு எரியுது. பழசுக்குத் திருப்பிக் கேக்க முடியுமா தம்பி?


போர்ட்டுக்காரன் | சனி காலை 9.00

தப்பா கூட கட்டின டூட்டிய ஒரு வருசத்துக்குள்ள கேட்டா திருப்பிக் குடுக்க சட்டத்துல இடம் இருக்கு, கே1 நகலும் ரிசிட்டும் வச்சிருந்தா. அதுக்கு முந்தினத விட்டுடுங்க அக்கா. கஸ்தம் ஆபிசர் போட்ட மதிப்போ கோடோ ஒத்துக்க முடியலன்னா கஸ்தம் மேல்முறையீட்டு டிரிபியூனல் இருக்கு, முடிவு வந்து 30 நாளுக்குள்ள போகணும். அதுக்கும் எழுத்துல முடிவு கையில இருக்கணும், வாய்ப்பேச்ச வச்சு எங்கயும் போக முடியாது. அதனாலதான் ஏஜெண்டு குடுக்கற ஒரே வரித் தாள யாரும் வாங்காதீங்கன்னு திரும்பத் திரும்ப சொல்றேன். கே1 நகல் கேளுங்க, கஸ்தம் ரிசிட் கேளுங்க, அவரோட கூலிய தனித் தாள்ல எழுதச் சொல்லுங்க. கஸ்தம்ல கட்டினதும் அவர் பாக்கெட்டுக்குப் போனதும் ஒன்னா கலந்து எழுதறதுலதான் சின்ன ஊர்க்காரங்க காசு கரையுது. நான் இந்தத் தொழில்ல இருந்துகிட்டே சொல்றேன்.


பெர்ஜுந்தை_பொருளாளர் | பதினாறு நாள் கழிச்சு, ஞாயிறு இரவு 10.10

எல்லாருக்கும் ஒரு தகவல். ஏஜெண்டு மறுபடி தாள் போட்டுக் குடுத்தாரு, இந்தத் தடவை மூனு பக்கம். மணிக்கு ஒரு வரிசை, விளக்குக்கு ஒரு வரிசை, தட்டு சொம்புக்கு ஒரு வரிசை, இனாம் சொம்பு அஞ்சும் தனியா எழுதியிருக்கு. லோரிக் காசு மதிப்புலேர்ந்து எடுத்தாச்சு, ஸ்தபதி கூலி உள்ள சேத்தாச்சு. ரூபாய கஸ்தம் ரேட்ல மாத்தினப்ப சில்லறை கொஞ்சம் மாறிச்சு. சான்று கப்பல் வந்த மறுநாள் வந்துச்சு, பிந்தி வழங்கினதுன்னு முத்திரையோட. கஸ்தம்ல ஒரு அம்மா ஆபிசர் பெட்டிய தொறந்து பாத்தாங்க, மணியில இருந்த எழுத்த காட்டி என்ன எழுதியிருக்குன்னு கேட்டாங்க, தோட்டத்துப் பேரு அம்மான்னு சொன்னேன். விரலால தட்டிப் பாத்தாங்க. அந்த எடத்துலயே ஒரு சின்ன ரீங்காரம் வந்து ரொம்ப நேரம் நின்னுச்சு.

இன்னைக்கு கூட்டத்துல வரிசை வரிசையா படிச்சேன். ஒரு பாட்டி மட்டும் கேட்டாங்க, "ஸ்தபதி கூலிக்கும் வரி கட்டினியா சாமி, நல்லது"ன்னு. மொதத் தாளுக்கும் கடைசித் தாளுக்கும் உள்ள வித்தியாசத்துல மணிய தொங்கவிட இரும்பு வளைவு அடிக்கக் குடுத்தாச்சு. கே1 நகலையும் போர்ட்டுக்கார அண்ணே எழுதின கணக்கையும் கோயில் கணக்குப் புத்தகத்துல ஒட்டி வச்சிருக்கேன், அடுத்து வர்ற பொருளாளருக்கு.


செம்பனைத்_தாத்தா | ஞாயிறு இரவு 10.40

பழைய மணிய என்ன பண்ணப் போறீங்க? உருக்கக் குடுத்துடாதீங்கப்பா.


பெர்ஜுந்தை_பொருளாளர் | ஞாயிறு இரவு 10.45

இல்ல தாத்தா. முனியாண்டி மேடைக்குப் பக்கத்துல வேப்பமரத்தடியில வச்சிருக்கோம். வந்து பாருங்க.